நடுவழியில் நிற்காத பஸ்

எங்கள் தெருவில் ஓடுகிற பஸ்களைவிட ஓடாத பஸ்களே அதிகம். டிப்போவுக்குப் பின்பக்கத்துச் சந்து அது. முனையில் தகரம் தட்டுகிற டிங்கர், நடுவில் பஸ்ஸுக்குக் கண்ணாடி மாட்டுகிற நான், எனக்கு அடுத்த கதவு சீட்டு தைக்கிற மாஸ்டர். மூஞ்சி நசுங்கி உள்ளே வருகிற பஸ், தெருவை விட்டுப் போகும்போது புதுமாப்பிள்ளைக் களையோடு போகும். சத்தத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. டிங்கர் சுத்தியலை எடுத்தால் என் கடையில் அடுக்கியிருக்கிற கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். கேட்டால், "சத்தம் போடாம தட்டறதுக்கு நான் என்ன சப்பாத்தியா தட்டறேன்?" என்பார்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள்தான் மாஸ்டரின் இளைய மகள் சின்னு. பெயர்தான் சின்னு, வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆட்டிசம் என்று சிறு வயதிலேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். காதில் எப்போதும் ஒரு மஞ்சள் காதுமூடி இருக்கும். டிங்கர் தன் காதுக்கு வாங்கியது. தான் போடுகிற சத்தத்துக்கு அபராதமாக அவளுக்குக் கொடுத்துவிட்டார். பேச்சு கொஞ்சம்தான். யாராவது தொட்டால் பிடிக்காது. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது, தூக்கமும் வராது.

ஆனால் வேலையென்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. பழைய சீட்டுகளின் உறையைக் கழற்றுவது அவள் பொறுப்பு. சட்டத்தில் அறைந்த ஆணியை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பாள். ரெக்ஸினை ஓரம் கிழியாமல் உரித்துத் தரையில் விரிப்பாள். அதையே அளவாக வைத்து மாஸ்டர் புதுசு வெட்டுவார். சீட்டு இடுக்கில் கிடைக்கிற ஹேர்பின், பட்டன், ஒற்றைக் கம்மல் எல்லாம் அவளுடைய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஸ்பாஞ்சு நன்றாயிருக்கிறதா என்று முஷ்டியால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்த்தே மாஸ்டர் தெரிந்துகொள்வார்.

அவள் கை பட்ட சீட்டில் ஊரே உட்கார்ந்து போய்வருகிறது. அவள் மட்டும் பஸ் ஏறமாட்டாள். பஸ் என்ன, என்ஜின் ஓடுகிற எதிலும் ஏறமாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

சின்னுவின் அக்கா, பெரியவளின் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. சின்னு வெளியூர் வரமாட்டாள் என்று பயந்து, "நூல் கடைக்குப் போகலாம்" என்று பொய் சொல்லிக் காரில் ஏற்றினார்கள். நூல் கடைக்குத் திரும்புகிற மூலை அவளுக்குத் தெரியும். மூலை வந்தது, கார் திரும்பவில்லை. அடுத்த நிமிடம் கதவைத் திறந்துவிட்டாள். கார் மெதுவாகப் போனதால் முழங்கை சிராய்ப்போடு பிழைத்தாள். அண்ணி, அதாவது மாஸ்டரின் மனைவி, அவளை அழைத்துக்கொண்டு அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். பெற்ற மகளின் கல்யாணத்தைப் போட்டோவில் மட்டும் பார்த்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் போட்டோவை மாட்டுவதற்குக் கண்ணாடி போட்டுத் தந்தவன் நான். துடைத்துத் துடைத்து அந்தக் கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

இப்போது பெரியவள் மாசமாக இருந்தாள். முதல் கரு தங்கவில்லை. இந்த முறை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் வேலைக்குப் போக வேண்டியவன், அவனுக்குத் தாயில்லை. ஒரு மத்தியானம் பட்டறையில் போன் அடித்தது. மாஸ்டர் கையெல்லாம் பசை, அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நீ வந்து என் பக்கத்துல இரும்மா. போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. கண்ண மூடினா அதே நெனப்பு."

"வரேன்டா" என்றாள் அண்ணி.

"சின்னு?"

அண்ணி திரும்பிச் சின்னுவைப் பார்த்தாள். பெரியவளே, "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

சின்னு ஆணி நெம்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ போ. நான் இவளப் பாத்துக்கறேன்" என்றார் கடைசியில்.

"பாத்துப்பீங்க. எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில ஒரு நாள் படுத்தப்ப என்னாச்சு? தண்ணி கூட குடிக்கல அவ."

"அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

"எதுல? நூல் கடைக்குப் போறேன்னு சொல்லியா?"

மாஸ்டர் மறுபடி பசை டப்பாவைக் கையில் எடுத்தார். நான் என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒரு கண்ணாடியைத் துடைத்தேன்.

சின்னு வாரம் ஒருமுறை போகிற பயிற்சி மையத்து டீச்சரிடம் அண்ணி கேட்டாள். "அவளுக்குப் பயணம் பயமில்லைங்க, என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாததுதான் பயம். கொஞ்சம் கொஞ்சமா முன்னாடியே காட்டுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க" என்றாராம் டீச்சர். வேறு அப்பனாக இருந்தால் பஸ் படத்தைக் காட்டியிருப்பான். நம்ம ஆள் பட்டறைக்குள் பஸ்ஸையே கட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுவரோரம் இரண்டு வரிசை சீட்டு. டிங்கர் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் பற்றவைத்துக் கொடுத்தார். ஜன்னலை நான் மாட்டினேன், ஓரத்துக்கு ரப்பர் பீடிங் எல்லாம் போட்டு, துளி ஆடாமல். சீட்டுச் சட்டத்துக்கு அடியில் பழைய தையல் மெஷின் மோட்டாரைப் பொருத்தினார் மாஸ்டர். ஸ்விட்சைப் போட்டால் சீட்டு நிஜ பஸ் மாதிரியே அதிரும். எதிரில் ஒரு ஸ்டூல், அதில் வட்டமான தகர மூடியைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர், அவர்தான் டிரைவர். டிங்கர் கண்டக்டர். விசில் ஊதக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியும் முதல் நாள் ஊதினார். சின்னு எழுந்து ஓடித் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு டிங்கர் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து விசில் இல்லை. "போலாம் ரைட்" என்பதைக்கூட டிங்கர் ரகசியம் போலச் சொன்னார்.

தினமும் சாயங்காலம் பஸ் கிளம்பும். முதலில் அண்ணி மட்டும் ஏறி உட்கார்ந்தாள், சின்னு தள்ளி நின்று பார்த்தாள். பிறகு சீட்டை முஷ்டியால் அழுத்திப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள், மோட்டார் போட்டதும் இறங்கிவிட்டாள். அப்படியே விட்டார்கள். பிறகொரு நாள் மோட்டார் ஓடும்போதும் உட்கார்ந்திருந்தாள். தெருவே முறைவைத்துப் பயணியானது. நான் தினமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தொங்குகிற ரெக்ஸின் சுருள்களை இயற்கைக் காட்சியாகப் பாவித்து வேடிக்கை பார்த்தேன். வேலை வெட்டி கெட்டுப்போனது உண்மைதான். வீட்டில் திட்டினார்கள். ஆனால் அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

பயணம் முடிகிற விதம் எப்போதும் ஒன்றுதான். மாஸ்டர் ஸ்விட்சை அணைப்பார். "மோட்டார் நின்னா ஊர் வந்தாச்சு. இறங்கலாம்" என்பார். சின்னு பையை எடுத்துக்கொண்டு இறங்குவாள். கீழே அண்ணி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றித் தருவாள். ஒரு சொட்டு விடாமல் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள். அப்புறம்தான் வேடிக்கை. டிங்கர் "அப்பாடா" என்று சோம்பல் முறிக்கும்போது சின்னு சொல்வாள்:

"இன்னொருக்கா."

மறுபடி எல்லோரும் ஏற வேண்டும்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். உங்க பஸ் நடுவுல எங்கயும் நிக்காதா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"என் பஸ் எக்ஸ்பிரஸ்யா. பாயின்ட் டு பாயின்ட்" என்றார், தகர மூடியை ஒடித்துத் திருப்பிக்கொண்டே. நாங்கள் சிரித்தோம். அதில் சிரிப்பதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

டிங்கர்தான் ஒருமுறை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இழுத்தார். "கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தன நாளைக்கு மாஸ்டர்? நெசப் பஸ்ஸுல ஏறினா இதெல்லாம் நிக்குமா?"

"அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்யா. நீ கண்டக்டர் வேலைய மட்டும் பாரு."

பிறகு நிஜப் பஸ். டிப்போவில் மீசைக்காரர் ஒருவர், பெரியவள் ஊருக்குப் போகிற வண்டியின் டிரைவர். சீட்டு தைக்க வந்த அவர் பஸ்ஸில் சின்னு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பழகினாள். மூன்றாவது முறை தெருக்கோடி வரைக்கும் மெதுவாக ஓட்டிப்போய் என்ஜினை அணைத்தார். இறங்கினாள், டீ குடித்தாள், "இன்னொருக்கா" என்று ஏறித் திரும்பி வந்தாள். அண்ணி அன்று பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏன்டி, நல்லதுக்கும் அழுவியா?" என்று கேட்ட மாஸ்டரின் குரலும் சரியாக இல்லை.

புறப்படுகிற நாளுக்கு முந்தைய நாள் மாஸ்டர் என்னிடம் வந்தார். "கண்ணாடி, நீயும் வா. அவ சீட்டு ஜன்னல் கடகடன்னா என்ன பண்றது?" காரணம் அதுவல்ல, அவருக்குப் பயம். நான் சட்டைப்பையில் ரப்பர் துண்டுகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நினைத்தது போலவே ஜன்னல் கடகடத்தது. புதுச் சாலையைத் தாண்டிப் பழைய சாலைக்கு வந்ததும் பஸ்ஸே பல்லைக் கடித்தது. சின்னு காதுமூடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். நான் எட்டி ரப்பர் துண்டைச் சொருகினேன். அது நழுவியது. கடைசியில் பின்சீட்டிலிருந்து கட்டைவிரலைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டேன். அப்படியே வெகுதூரம் போனேன். விரல் மரத்துவிட்டது, ஆனால் கண்ணாடி வாயைத் திறக்கவில்லை.

ஸ்டாப்புகளில் பஸ் நின்றது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்ததால் அவள் அசையவில்லை. ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. மீசைக்காரர் என்ஜினை அணைத்தார்.

சின்னு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஊர் வந்தாச்சு" என்றாள்.

"இல்லடா கண்ணு, கேட்டு போட்டிருக்கு. ரயில் போனதும் போயிடலாம்."

"மோட்டார் நின்னாச்சு. ஊர் வந்தாச்சு. இறங்கணும்."

"உக்காரும்மா" என்று மாஸ்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் வண்டிகள். அவர் பயந்ததில் தப்பில்லை, எனக்கே அந்தக் கார்க் கதவு ஞாபகம் வந்தது. சின்னுவின் குரல் ஏறியது. "இறங்கணும், இறங்கணும், இறங்கணும்." உள்ளங்கையால் காதுமூடியின் மேல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், "இந்த மாதிரிப் புள்ளைய வீட்டுல வெச்சுக்கக் கூடாதா? மத்தவங்க பிரயாணம் பண்ண வேணாமா?" என்றார்.

"போதும்டி" என்றார் மாஸ்டர். அவர் முகம் வெளிறியிருந்தது. "திரும்பிடலாம். எதிர்ல வர்ற வண்டியில ஏத்தி வீட்டுக்கே..."

"வழிய விடுங்க" என்றாள் அண்ணி.

"கீழ ரோடு. லாரி நிக்குது."

"அவ தப்புப் பண்ணல. நாம சொன்னதத்தான் செய்யறா. மோட்டார் நின்னா ஊர் வந்தாச்சு, இறங்குன்னு தெனம் சொன்னது யாரு? நடுவுல நிக்கும்னு நாமதான் சொல்லிக் குடுக்கல. இப்ப இறங்காதேன்னா, அவளுக்கு இதுவும் நூல் கடைதான். ஒரு பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தத் தொலைச்சேன். போதும்."

அண்ணி அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முன்னாலிருந்து மீசைக்காரர் குரல் கொடுத்தார். "மாஸ்டர், கூட்ஸ் வண்டி. இப்போதைக்குத் தொறக்காது. பாப்பா இறங்கட்டும். அது ஏறாம நான் எடுக்க மாட்டேன்."

மாஸ்டர் விலகினார். சின்னு இறங்கினாள். அண்ணி பின்னாலேயே இறங்கிச் சாலைப் பக்கமாக நின்றுகொண்டாள், நானும் மாஸ்டரும் இரண்டு பக்கமும் வேலி போல நின்றோம். பிளாஸ்க் திறந்தது. அடித்துக்கொண்டிருந்த கை டம்ளரை வாங்கிக்கொண்டது. அவள் குடிக்க ஆரம்பித்ததும் கூட்ஸ் வண்டி வந்தது. நான் ஓரடி அவள் பக்கம் நகர்ந்தேன். அவளோ டம்ளருக்கு மேலாக ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள்.

ரயில் போய்விட்டது. கேட் ஏறியது. முன்னாலிருந்த லாரிகள் நகர்ந்தன, பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மீசைக்காரர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் குடிம்மா" என்றார் மாஸ்டர்.

"அவசரப்படுத்தாதீங்க."

சின்னு கடைசிச் சொட்டையும் குடித்து டம்ளரைக் கொடுத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். வழக்கமாக இறங்கினால் பட்டறை இருக்கும், அவளுடைய ஆணிக்குவியல் இருக்கும். இங்கே புழுதியும் தண்டவாளமும்தான் இருந்தன. அவள் உதடு கோணியது. வந்த வழியை ஒரு தடவை பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் என்று மனசு அடித்துக்கொண்டது. யாரும் அவளைத் தொடவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

அவள் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னொருக்கா" என்றாள்.

சொல்லிவிட்டு அவளாகவே ஏறிப் போய் அவள் சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மாஸ்டர் படியில் ஏறும்போது தடுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது பாயின்ட் டு பாயின்ட் எக்ஸ்பிரஸ் இல்லை. எங்கே என்ஜின் நின்றாலும் சின்னு இறங்கினாள், டீ குடித்தாள், "இன்னொருக்கா" சொல்லி ஏறினாள். பாலத்தில் வேலை நடந்த இடத்தில் அவளோடு சேர்ந்து பாதிப் பஸ் இறங்கிக் கைகாலை உதறிக்கொண்டது. சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பிளாஸ்க் காலியாகிவிட்டது. அண்ணி தண்ணீரைக் கொடுத்தாள். "டீ" என்று சின்னு டம்ளரைத் தள்ளினாள். நான் கடைப்பக்கம் ஓடுவதற்குள் அந்த வழுக்கைத் தலைக்காரர் ஒரு கப்போடு எதிரில் வந்தார்.

"இந்தாங்க, குடுங்க. இது குடிக்காட்டி அந்த மீசை வண்டிய எடுக்க மாட்டான்போல" என்றார், சிடுசிடுப்புக் குறையாமலே.

வெயில் தாழும்போது பெரியவள் ஊர் வந்தது. மாப்பிள்ளை பஸ் நிலையத்தில் காத்திருந்தான். படியில் சின்னுவைப் பார்த்ததும் ஓடிவந்தான். மாஸ்டர் முதல் வேலையாக டிங்கருக்குப் போன் போட்டார். "வந்துட்டாய்யா. நெசப் பஸ்ஸுல வந்துட்டா." அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு டிங்கர் குரல் கரகரத்தது. "நான் சொன்ன அந்தப் பழமொழிய வாபஸ் வாங்கிக்கறேன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க."

வீடு நடக்கிற தூரம்தான். பெரியவள் உள்ளறையில் சுவர்ப் பக்கமாகத் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழப்போனாள், அண்ணி ஓடிப்போய்த் தோளை அமர்த்தினாள். வாசற்படியில் நின்ற தங்கையைப் பெரியவள் அப்போதுதான் பார்த்தாள்.

"சின்னு" என்றாள். அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள். கல்யாணத்தன்று அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. "பயமா இருக்கும்மா. இந்தத் தடவையும் நடுவுலயே நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா."

அண்ணி மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டு சின்னு வாசற்படியிலேயே நின்றாள். அழுகைச் சத்தம் அவளுக்கு ஆகாது, ஒரு கையால் காதுமூடியை அழுத்திக்கொண்டாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்ல உள்ளே போனாள். கட்டில் மெத்தையின் ஓரத்தை முஷ்டியால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் தன் டீயை யாருக்கும் தந்ததில்லை. அதை அக்காவின் கையில் வைத்தாள்.

"நின்னா இறங்கலாம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "டீ குடிக்கலாம். இன்னொருக்கா ஏறலாம்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாருமே கேட்டதில்லை. மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவள் அழுகையை விழுங்கிக்கொண்டு டீயைக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் சின்னு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு காதுமூடியைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்கா காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.